பல மரபு சேரும் புதிய ஆப்பரா: பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ், மலாய், சீன, மேற்கத்திய இசையைச் சேர்த்து ஓர் ஆப்பரா போடலாம் என்று இங்கே யார் தொடங்கினாலும் முதல் மாதத்தில் இதே சந்தேகங்கள்தான் எழுகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவை கீழே உள்ளன. ஐந்தாறு பாடகர், 10 முதல் 14 வாத்தியம், 80–90 நிமிடம் என்ற சிறிய ஆப்பராவை மனத்தில் வைத்தே எல்லாக் கணக்கும் சொல்லப்பட்டிருக்கிறது.

ஆப்பரான்னா பாட்டு நிறைய இருக்கிற நாடகம்தானே? நம்ம இசை நாடகத்துக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

பாட்டின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. இசை நாடகத்தில் கதை வசனத்தில் நகர்கிறது, பாட்டு வரும்போது சற்று நிற்கிறது. ஆப்பராவில் கதையே பாட்டில் நகர வேண்டும். கதவைத் தட்டுவது, பொய் சொல்வது, மனம் மாறுவது எல்லாம் இசைக்குள் நடக்கும். இத்தாலியின் மாந்துவாவில் இசையமைப்பாளர் மொண்டெவெர்டி 1607இல் மேடையேற்றிய ‘ஓர்ஃபியோ’ முதல் இன்றுவரை இதுதான் இலக்கணம்.

நமக்கு இது முழுக்க அந்நியமும் அல்ல. அருணாசலக் கவிராயரின் இராம நாடகம், கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம், குறவஞ்சி, மெலட்டூர் பாகவத மேளா எல்லாம் கதையைப் பாட்டில் நடத்தியவைதான். கலப்பும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத்தான் பினாங்கில் 1880களில் பங்சாவான் என்னும் மலாய் இசை நாடகம் பிறந்தது. ஆகவே ‘இதெல்லாம் நமக்கு ஒட்டுமா’ என்ற கவலையில் நேரத்தைச் செலவிட வேண்டாம். கவலைப்பட வேண்டியது சுருதிக்காக. அது கீழே வருகிறது.

யார் யார் வேணும்? எல்லாத்தையும் ஒரே ஆள் பார்த்துக்கலாமா?

பிரதி (கதையும் பாட்டு வரிகளும்) எழுதுபவர், இசையமைப்பாளர், இயக்குநர், கண்டக்டர் (பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் அல்ல, வாத்தியக் குழுவை நடத்துபவர்), தயாரிப்பு நிர்வாகி ஆகிய ஐவர் தனித்தனியாக இருப்பது நல்லது. சிறிய குழுவில் இசையமைப்பாளரே கண்டக்டராகலாம். பிரதி எழுதுபவரே இயக்கினால், வெட்ட வேண்டிய வரியை வெட்ட ஆள் இருக்காது.

பலரும் மறந்துவிடுவது ஆறாவது ஆளை. கர்நாடக சுரமும் தெரிந்து, ஐந்து கோட்டு நொட்டேஷனும் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். மேடையில் அவருக்கு வேலை இல்லை. ஆனால் ஒத்திகையில் “அவர் சொல்ற ‘ஜி’ உங்க அஞ்சு கட்டை, அக்கா” என்று சொல்ல அவர் இல்லாவிட்டால் அரை நாள் வீணாகும்.

எவ்வளவு நாள் ஆகும்? தீபாவளிக்குள்ள போட்டுடலாமா?

18 முதல் 24 மாதம். பிரதிக்கு நான்கைந்து மாதம், அதன் பிறகு ஐந்து நாள் பட்டறை. அந்தப் பட்டறையில் 15 நிமிட இசையை மட்டும் செய்து பாருங்கள். எந்த வாத்தியம் எதோடு ஒட்டுகிறது, எது ஒட்டவே இல்லை என்பது அங்கே தெரிந்துவிடும். பிறகு ஆறேழு மாதம் குரலுக்கும் பியானோவுக்கும் மட்டுமான ஸ்கோர் (இசையை எழுதிய தாள்). இரண்டாவது பட்டறை பத்து நாள், முழுக் கதையையும் பாடிப் பார்க்க. வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதுவது அதற்குப் பிறகுதான். முன்பே எழுதினால், பட்டறையில் ஒரு காட்சி வெட்டுப்படும்போது அதற்கான உழைப்பும் சேர்ந்து போகும்.

கடைசி நான்கு வாரம் தொடர் ஒத்திகை. அதில் வாத்தியக் குழுவுக்குக் குறைந்தது நான்கு அமர்வு, பாடகரும் வாத்தியமும் அசைவில்லாமல் உட்கார்ந்து முழுதும் இசைக்கும் ஒரு நாள், விளக்கு–ஒலிக்கு இரண்டு நாள், உடையோடு இரண்டு முழு ஓட்டம். இந்த நான்கு வாரத்தைச் சுருக்கித்தான் பெரும்பாலான தயாரிப்புகள் கெடுகின்றன.

கதைக்கு என்ன பண்றது? ராமாயணம்னா எல்லாருக்கும் தெரியுமே?

நல்ல தேர்வுதான், ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது ஒரே ராமாயணம் அல்ல. கிளந்தான் வாயாங் கூலிட் நிழற்கூத்து ராமாயணத்தைத்தான் ஆடுகிறது. மலாய் மரபின் ஹிகாயாட் ஸ்ரீ ராமாவில் அனுமன் இராமனின் மகன். தமிழ் இரசிகர் பாதிப் பேர் நாற்காலியில் நிமிர்ந்துவிடுவார்கள். அந்த முரணையே காட்சியாக்கினால் கலப்புக்கு அர்த்தம் கிடைக்கும், மூடி மறைத்தால் வெறும் அலங்காரம். முஸ்லிம் கலைஞர்கள் எந்த வேடம் ஏற்பார்கள், எந்தச் சடங்கை மேடையில் காட்டலாம் என்பதைப் பிரதி தொடங்கும் முன்பே அவர்களிடம் கேட்டுவிடுங்கள். ஒத்திகையில் கேட்பது அவர்களுக்குச் சங்கடம்.

மலாய் அரசர்களின் வரலாறு சொல்லும் செஜாரா மெலாயு என்ற நூலில், கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலுக்கு அடியில் இறங்கும் இராஜா சூரனின் கதை இருக்கிறது. இராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பும் இருக்கிறது. அதே கடலைச் சோழர் மெய்க்கீர்த்தி ஒரு விதமாகவும் மலாய் வரலாறு வேறு விதமாகவும் பார்க்கின்றன. இரு தரப்புக்கும் பாட இடம் கிடைக்கிற கதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு தரப்பு கதை சொல்ல, மறு தரப்பு பின்னால் ஆடிக்கொண்டிருந்தால் அதைக் கூட்டு முயற்சி என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

பிரதி எத்தனை பக்கம் வரணும்? ஒரு மொழியில எழுதி மத்ததுக்கு மொழிபெயர்த்தா போதாதா?

பேசினால் 25–30 நிமிடத்தில் முடிகிற பிரதி, பாடும்போது 80–90 நிமிடமாகும். சத்தமாகப் படித்து கடிகாரம் பார்ப்பதே நம்பகமான அளவு. முதல் வரைவு ஏறக்குறைய எப்போதும் இரு மடங்கு நீளமாகத்தான் இருக்கும்.

மொழிபெயர்ப்பு வேண்டாம். எந்தப் பாத்திரம் எந்த மொழியில் பாடுகிறது, எப்போது மொழி மாறுகிறது என்பதைக் கதையே தீர்மானிக்கட்டும். தாயிடம் தமிழ், துறைமுகத்தில் மலாய், வட்டிக் கடையில் ஹொக்கியன் சீனம் என்று ஒரே ஆள் மாறி மாறிப் பேசுவது பினாங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இசையமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது. அவர் எப்படித் தமிழுக்கு மெட்டுப் போடுவார்?

போடலாம், குறில்–நெடில் தெரிந்தால். ‘மலை ஏறி வந்தேன்’ என்ற வரியில் ‘ம’ மேல் நீண்ட சுரம் விழுந்தால் கேட்பவர் காதில் ‘மாலை’ விழும். ‘விடு’ ‘வீடு’ ஆகும், ‘பல்’ ‘பால்’ ஆகும். இந்த ஒரு பிழைதான் தமிழ் தெரியாதவர் மெட்டில் திரும்பத் திரும்ப வருவது. பிரதியைக் கொடுக்கும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே குறிலுக்குப் புள்ளி, நெடிலுக்குக் கோடு போட்டுக் கொடுங்கள். ஒற்றிரட்டிக்கும் குறி வேண்டும்: ‘பட்டு’வில் ‘ட்’ அழுந்தாவிட்டால் ‘படு’ ஆகிவிடும். கூடவே, வரிகளை மெதுவாக ஒருமுறையும் பேச்சு வேகத்தில் ஒருமுறையும் படித்துப் பதிவு செய்து அனுப்புங்கள்.

இன்னொன்று எதுகை. மேற்கத்தியர் வரியின் கடைசியில் ஒலி ஒன்றுவதை எதிர்பார்த்து அங்கே இசையை முடிப்பார்கள். நமக்கோ வரித் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒன்றும். அந்த இடத்தில் சுரம் அழுந்தவில்லை என்றால் பாட்டு உரைநடை மாதிரி கேட்கும். எதுகை எழுத்துகளை வட்டமிட்டுக் கொடுப்பது ஐந்து நிமிட வேலை.

சொப்ரானோ (மேற்கத்திய இசையின் உச்சப் பெண் குரல்) உச்சத்தில் ஏறும்போது எந்த உயிரும் ‘ஆ’ போலத்தான் கேட்கும். மலாய், தமிழ், இத்தாலியம் எதுவானாலும் விதி இதுவே. கதைக்கு உயிரான சொல்லைக் கீழ் ஸ்தாயியில் வையுங்கள்.

எல்லாரும் ஒரே சுருதிக்கு எப்படி வர்றது? பாடகி அஞ்சரைக் கட்டையிலதான் பாடுவேங்கிறாங்க.

கட்டை என்பது நம் சுருதியின் உயர அளவு. ஐந்தரைக் கட்டை என்றால் மேற்கத்திய இசையில் ஜி ஷார்ப். எர்ஹு என்னும் சீன வில் வாத்தியத்தின் இரு தந்திகள் டி, ஏ. வயலின், செல்லோவுக்கும் ஜி, டி தந்திகள் உண்டு. பாடகியின் ஐந்தரையிலும் பாடகரின் ஒன்றரையிலும் இவர்கள் திறந்த தந்தி ஒலியை இழந்து திணறுவார்கள். பாடகி அரைக் கட்டை இறங்கி ஐந்துக்கு, பாடகர் இரண்டுக்கு என்று வைத்தால் எல்லாருக்கும் வசதி. பாடகர் ச எனப் பாடும் டி, பாடகியின் ப ஆகிறது. இரட்டைப் பாட்டில் இருவரும் தங்கள் சுருதியிலேயே நிற்கலாம். இதை முதல் பட்டறையிலேயே எழுத்தில் முடித்துவிடுங்கள். இசை எழுதி முடிந்த பிறகு ‘எனக்கு அரைக் கட்டை ஏத்துங்க’ என்றால் ஸ்கோர் முழுதும் மாறும்.

நம் பாடகிகளின் ஐந்து கட்டை ச, பியானோவின் நடு சி-க்குக் கீழே இருக்கும் ஜி. மேற்கத்திய இசையமைப்பாளர் பெண் குரல் என்றதும் ஒரு ஸ்தாயி மேலே எழுதிவிடுவார். மந்திர ப முதல் தார ப வரை பாடகியின் எல்லையைப் பியானோவில் அழுத்திக் காட்டிவிடுங்கள். சொப்ரானோவும் கர்நாடகப் பாடகியும் ஒரே மெட்டைப் பாடினால் இயல்பாகவே ஒரு ஸ்தாயி இடைவெளி விழும். அது அழகாகவே இருக்கும்.

இரண்டு சுருதி என்றால் மிருதங்கமும் இரண்டு வேண்டும், உடைந்தால் மாற்ற இன்னொன்று. பாரி நாகஸ்வரம் இரண்டு, இரண்டரைக் கட்டையை ஒட்டியிருக்கும். அது உங்களிடம் வராது, நீங்கள்தான் அதனிடம் போக வேண்டும்.

மோகனம் சீன இசையிலயும் இருக்கு, கேமலான்லயும் இருக்குன்னு சொல்றாங்களே. அப்போ அதையே வச்சுக்கலாமே?

முதல் பாதி சரி. சீன ஐந்து சுர இசையின் அடிப்படை அளவை மோகனம்தான். மோகனத்தின் ரி-யை ச ஆக்கினால் மத்தியமாவதி, க-வை ச ஆக்கினால் இந்தோளம், ப-வை ஆக்கினால் சுத்த சாவேரி, த-வை ஆக்கினால் சுத்த தன்யாசி. இந்த ஐந்தும் சீன இசையின் ஐந்து முறைகளோடு சுர அளவில் பொருந்தும். ஆப்பராவுக்கு இது பெரிய வசதி. எர்ஹுவும் யாங்சினும் (குச்சியால் தட்டி வாசிக்கும் சீனத் தந்தி வாத்தியம்) சுரங்களை மாற்றாமலே இருக்க, தம்புரா மட்டும் நகர்ந்தால் ராகமும் மனநிலையும் மாறிவிடும்.

கேமலான் (வெண்கலத் தட்டு வாத்தியங்களின் தொகுப்பு) வேறு கதை. பியானோவில் கறுப்பும் வெள்ளையும் சேர்த்து அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளியை 100 என்று வைத்தால், மோகனத்தின் படிகள் 200, 200, 300, 200, 300. கேமலானின் ஸ்லெண்ட்ரோ அளவை ஒரு ஸ்தாயியை ஏறக்குறைய ஐந்து சமப் பங்காக, 240 வீதம் பிரிக்கிறது. ஒவ்வொரு தொகுப்புக்கும் இது சற்று மாறும், வெண்கலத்தை முறுக்கிச் சுருதி சேர்க்கவும் முடியாது. பியானோ சுரத்துக்கே செய்த தொகுப்புகளும் உண்டு. ஆகவே எந்தத் தொகுப்பைப் பயன்படுத்தப் போகிறீர்களோ, அதன் ஒவ்வொரு தட்டையும் டியூனரில் அளந்த பிறகே ஒரு சுரமாவது எழுதுங்கள். பொருந்தாவிட்டால் கேமலானுக்குத் தனிக் காட்சி கொடுங்கள். எல்லாரும் எல்லா நேரமும் சேர்ந்து வாசிப்பதுதான் கலப்பு என்று எவரும் விதி எழுதவில்லை.

ஹார்மனி போட்டா ராகம் கெட்டுப் போகாதா?

கண்ணை மூடிக்கொண்டு போட்டால் கெடும். மோகனத்தில் ம, நி இல்லை. மேற்கத்திய இசையின் பழக்கப்பட்ட கார்டுகளில் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டுகளில்) ம-த-ச ஒன்று, ப-நி-ரி ஒன்று. இரண்டும் மோகனத்துக்கு வெளியே இருந்து சுரத்தைக் கொண்டுவந்துவிடும். ச-க-ப, த-ச-க இரண்டும் ராகத்துக்குள்ளேயே இருப்பவை. இவற்றோடு ச-ப, ரி-த போன்ற வெறும் ஐந்தாம் இடைவெளிகளை மட்டும் வைத்தே ஒரு காட்சியை நடத்தலாம். கார்டு ச-வை விட்டு நகரும்போது தம்புராவை நிறுத்திவிடுங்கள். அது ஓடிக்கொண்டே இருந்தால் யாரோ தப்பாக வாசிப்பதாகவே கேட்கும், யார் என்று மட்டும் தெரியாது.

தோடி மாதிரி, கமகத்தில் (சுரத்தின் அசைவில்) வாழும் ராகத்துக்கு ஹார்மனியே வேண்டாம். செல்லோ ச-வைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், அதுவே போதும்.

மிருதங்கக்காரர் நொட்டேஷன் பார்க்க மாட்டார், எர்ஹு வாசிக்கிற பிள்ளை நம்பர் பார்க்குது, செல்லோவுக்குக் கோடு வேணும். மூணு ஸ்கோரா?

ஆமாம், மூன்று. ஆனால் மூன்றிலும் ஒரே வரி எண், ஒரே பகுதிக் குறி. ‘பகுதி 4, ஆவர்த்தனம் (தாளச் சுற்று) 12’ என்றதும் எல்லாரும் ஒரே இடத்தைத் தொட வேண்டும். சீன எண் நொட்டேஷனும் நம் சுரமும் உறவுக்காரர்கள்தான்: அங்கே 1 என்பது ச போல நகரும், தலைப்பில் ‘1=டி’ என்று எழுதினால் இரண்டு கட்டை என்றே அர்த்தம். கமகத்தை எந்த நொட்டேஷனும் சொல்லாது. அதற்கு ஒலிப்பதிவு வேண்டும். கிளந்தான் ரெபாப் (வில் வாத்தியம்), கெண்டாங் (மத்தளம்) கலைஞர்கள் பலர் கேட்டே கற்றவர்கள். அவர்களிடம் தாளை நீட்டாதீர்கள், ஆறு வாரம் முன்பே பதிவை அனுப்புங்கள்.

தாளத்தில் இரண்டு இடங்களில் இடறும். மிஸ்ர சாப்பு 3+4. இசையமைப்பாளர் ஏழு அடியை 2+2+3 என்று எழுதினால் மிருதங்கத்துக்கு அது 4+3, அதாவது விலோம சாப்பு. இருவரும் ஏழுதான் எண்ணுவார்கள், இருந்தும் மோதிக்கொள்வார்கள். இன்னொன்று எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். பாட்டு சமம் (தாளத்தின் முதல் அடி) தள்ளித் தொடங்கும்போது, வாத்தியக் குழு பாடகர் வாய் திறந்த இடத்தையே முதல் அடி என்று நினைக்கும். கோடு சமத்தில் விழ, எடுப்புக்கு முன் மௌனக் குறி போட வேண்டும்.

அப்போ மனோதர்மத்துக்கு இடமே இல்லையா?

இருக்கிறது, வேலியோடு. ‘இங்கே எட்டு ஆவர்த்தனம் உங்கள் விருப்பம்’ என்று அளவு சொல்லிவிடுங்கள். ஆலாபனைக்குத் தாளம் இல்லாததால் நிமிடக் கணக்கு வேண்டாம், கடைசிப் பிடியை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பிடி வந்ததும் கண்டக்டர் கை உயரும். மிருதங்கத்தில் மூன்று முறை வரும் தீர்மானம் என்னும் முடிப்புச் சொற்கட்டு இதற்கென்றே செய்தது போல இருக்கும்: முதல் முறையில் கண்டக்டர் கவனிக்கிறார், இரண்டாவதில் எண்ணுகிறார், மூன்றாவது முடியும் சமத்தில் குழு முழுதும் இறங்குகிறது. இந்தக் காட்சிகளில் தாளம் மிருதங்கத்திடம், மற்றவற்றில் கண்டக்டரிடம். இருவரிடமும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

மைக் வைக்கணுமா? ஆப்பராவுல மைக்கே கிடையாதாமே.

மேற்கத்திய ஆப்பராக் குரல் மைக் இல்லாமல் அரங்கை நிரப்பப் பழகியது. கர்நாடகக் குரல் நுணுக்கத்துக்குப் பழகியது, மைக் தேவை. வீணைக்கும் தேவை. ஒருவருக்கு மைக், ஒருவருக்கு இல்லை என்றால் ஒரு குரல் மேடையிலிருந்தும் இன்னொன்று ஸ்பீக்கரிலிருந்தும் வரும், காதல் காட்சியில்கூட இருவரும் வேறு அறையில் இருப்பது போல இருக்கும். எல்லாருக்கும் மெல்லிய அளவில் மைக் வைத்து, சொப்ரானோவுடையதை ஏறக்குறைய மூடிவைப்பதே நடைமுறை. செந்தூலில் உள்ள கேஎல்பேக்கின் 500 பேர் அரங்குக்கும் ஸ்ட்ரெய்ட்ஸ் கீயில் உள்ள பினாங்குபேக்கின் 300 பேர் அரங்குக்கும் இது பொருந்தும். தவிலை மூடிய அரங்குக்குள் கொண்டுவரும் ஆசை இருந்தால் திரைக்குப் பின்னால் வையுங்கள்.

ஏர்கானையும் கவனியுங்கள். வெளியே ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், உள்ளே குளிரில் காய்ந்து ஏறும். மிருதங்கம் வந்து இரண்டு மணி நேரமாவது அரங்கில் இருந்த பிறகே சுருதி சேர்க்க வேண்டும். ஒத்திகையின்போது ஏர்கானை அணைத்துவிட்டு நிகழ்ச்சியன்று போட்டால் அத்தனையும் வீண்.

எந்த மாசத்துல வைக்கிறது?

மார்கழியில் சென்னைக் கலைஞர் கிடைக்க மாட்டார். தை, ஆவணி முகூர்த்த நாட்களில் நாகஸ்வரக்காரர் கிடைப்பது அரிது, தைப்பூசத்தைச் சொல்லவே வேண்டாம். சீன ஏழாம் மாதத்தில் சீன ஆப்பரா வாத்தியக்காரர்கள் தெருவுக்குத் தெரு மேடையில் இருப்பார்கள். ரமலானில் ஒத்திகையை மாலை ஐந்தரைக்கு முடித்து நோன்பு திறக்க வீட்டுக்கு அனுப்புங்கள். நான்கு நாள்காட்டியையும் ஒரே தாளில் போட்டுப் பார்த்துவிட்டு அரங்கைப் பதிவு செய்யுங்கள்.

வெளிநாட்டுக் கலைஞர் சுற்றுலா விசாவுல வந்து பாடிட்டுப் போகலாமா, அண்ணே?

கூடாது. இங்குள்ள ஏற்பாட்டாளர் புஸ்பால் (வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிகளுக்கான அரசுக் குழு) ஒப்புதல் வாங்க வேண்டும், அதைக் கொண்டு குடிநுழைவுத் துறையில் தொழில்முறை வருகை பாஸ். கேளிக்கை உரிமம் தனி: கோலாலம்பூரில் கோலாலம்பூர் மாநகர் மன்றம், ஜோர்ஜ் டவுனில் பினாங்குத் தீவு மாநகர் மன்றம். ஒன்று தாமதமானால் அடுத்ததும் நிற்கும் என்பதால் நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். பாட்டு வரிகளையும் கதைச் சுருக்கத்தையும் மலாயில் தயாராக வைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

உரிமை யாருக்கு? காசு கொடுத்தவங்களுக்கா, எழுதினவங்களுக்கா?

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் சொல்லிச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்வித்தவருக்கே போனதாகக் கருதப்படும். இது தெரியாமல்தான் பல இசையமைப்பாளர்கள் தங்கள் மெட்டை இழக்கிறார்கள். வேறு விதமாக வேண்டும் என்றால் முதல் சம்பளத்துக்கு முன்பே எழுத்தில் வையுங்கள்: பிரதி, இசை, நடன அமைப்பு தனித்தனியாக யாருடையது, மறுமேடைக்கு யார் அனுமதி, பதிவை இணையத்தில் போடலாமா, ஒருவர் விலகினால் அவர் பகுதி என்ன ஆகும்.

பழைய பாட்டைச் சேர்ப்பதானால், இங்கே பதிப்புரிமை படைத்தவர் இறந்து 50 ஆண்டு வரை நீடிக்கும், இந்தியாவில் 60. பாரதி 1921இல் மறைந்தவர், கவலை இல்லை. சினிமாப் பாட்டின் பக்கம் போகவே வேண்டாம்.

நாலு மொழியில பாடினா சனங்களுக்கு எப்படிப் புரியும்?

மேடைக்கு மேல் திரையில் மொழிபெயர்த்த வரியை ஓட விடுவதுதான். 1983இல் டொராண்டோவில் ஓர் ஆப்பராவுக்குத் தொடங்கிய வழக்கம் இது. ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். நடுவில் மலாயும் ஆங்கிலமும், இரு பக்கமும் தமிழும் சீனமும் என்று பிரிக்கலாம். 90 நிமிடத்துக்கு 400க்கு மேல் மாற்றங்கள் வரும். வரிகளை மாற்றப் பொத்தானை அழுத்துபவர் ஸ்கோர் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அரங்கின் பணியாளரை உட்கார வைத்தால் சிரிப்பு வரியைப் பாடகர் பாடுமுன்பே சனம் சிரித்துவிடும்.

தமிழ் வரிகளைப் படமாக மாற்றியே ஏற்றுங்கள். சில மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’ மூன்று துண்டாகும். நிகழ்ச்சியன்று மாலை ஆறு மணிக்குக் கண்டுபிடித்தால் சரிசெய்ய நேரம் இருக்காது.

மாக் யோங்ல இருந்து ஒரு பாட்டை எடுத்துக்கிட்டா தப்பா?

2005இல் யுனெஸ்கோ போற்றுதலுக்குரிய மரபாக அறிவித்த, ஆடலும் பாடலும் சேர்ந்த மலாய் நாடகக் கலை அது. தொடக்கத்தில் வரும் மெங்ஹாடாப் ரெபாப் வெறும் முன்னிசை அல்ல, ஆட்டக்காரர் ரெபாபை வணங்கித் தொடங்கும் இடம். கோயில் புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை நாம் தேநீர் விருந்துக்கு வாசிக்க விடுவோமா? அதே கணக்குதான். எடுக்க வேண்டும் என்றால் அந்த மரபின் குருவைப் பட்டறைக்கே அழையுங்கள். எதை மேடைக்குக் கொடுக்கலாம், எதைக் கூடாது என்று அவர் சொல்லட்டும். ஆலோசகர் என்று கடைசிப் பக்கத்தில் போடாமல் இசையமைப்பாளர் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரைப் போட்டு, மேலே சொன்ன ஒப்பந்தத்திலும் அவரைச் சேருங்கள். ஒத்திகையில் வாத்தியங்களைத் தாண்டி நடக்கக் கூடாது என்பது அவர்களுக்கும் நமக்கும் பொது. மேடை உதவியாளர்களிடம் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், செருப்பைக் கழற்றி வைக்க ஓர் இடமும் காட்டிவிடுங்கள்.